ஐந்தாவது கோடு

வெண்பாவின் மூளையை ஐந்து கோடுகளாக வரைந்து வைத்திருந்தார்கள். நான்கு கோடுகள் திரையின் மேல் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றன. ஐந்தாவதைக் காணவே காணோம்.

அது எங்கே என்று தாரிணி கேட்டாள். டாக்டர் ரோஸ்லின் திரையின் அடியில் விரலை வைத்துக் காட்டினார். தரையோடு தரையாக ஒரு சிவப்புப் புள்ளி கிடந்தது.

"பூஜ்யம்," என்றார் டாக்டர். "குறைவுன்னு சொல்லல. சுத்தமா பூஜ்யம்."

சரவணம்பட்டியில் இருந்த அந்த மழலைச் சமன் மையத்துக்கு ஐந்து வயது நிறைந்த எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறை வந்தாக வேண்டும். வந்து, ஒரு சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து, இயந்திரம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க முடியும். தாரிணி பயந்துகொண்டு வரவில்லை. மகளுக்குப் புதுக் கவுன் போட்டு, தலை வாரி, யாராவது பாராட்டினால் எப்படி அடக்கமாகச் சிரிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிற தன்னையே அவ்வப்போது திணறடிக்கிற பெண் இந்தப் பரீட்சையில் கோட்டை விடுவாள் என்று அவள் எப்படி நினைப்பாள்?

தர்க்கம், சொல், நினைவு, வடிவம். இந்த நான்கிலும் வெண்பாவை அளக்க இயந்திரத்துக்கே அளவுகோல் போதவில்லை. ஐந்தாவதன் பெயர் குறை காணல். ஒரு படத்தைக் காட்டி, இதில் எது இல்லை என்று கேட்பார்கள். பெடல் இல்லாத சைக்கிள், முள் இல்லாத கடிகாரம், அவ்வளவுதான் சமாசாரம். பால்வாடிப் பிள்ளைகளே பாதிக்கு மேல் சொல்லிவிடும். வெண்பா ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை என்று இயந்திரம் சொன்னது.

"இருக்கிறதெல்லாம் அவளுக்கு அபாரமாத் தெரியுது," என்றார் டாக்டர். "இல்லாதது மட்டும் கண்ணுல படல. படிக்கட்டுல கைப்பிடி இல்லைன்னா அது இல்லைன்னு அவளுக்குத் தோணாது. இப்படி ஏற்ற இறக்கமா வளர்ந்த பிள்ளைங்க முன்னாடி நிறைய இருந்தாங்க. பதினஞ்சு பதினாறு வயசுல உடைஞ்சு போயிட்டாங்க. அறைக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள போனவங்க வெளிய வரவே இல்ல. அதனாலதான் சட்டமே வந்துச்சு."

"அப்ப சமன் போடணுங்களா?"

"இவ்வளவு வித்தியாசம் இருந்தா கட்டாயம் போட்டாகணும். தூங்கும்போது தலையில ஒரு பட்டை. சில வாரம்தான். வலி கிடையாது. மேடு தணியும், பள்ளம் கொஞ்சம் மேல வரும். எல்லாம் நடுவுல வந்து நிக்கும்." டாக்டர் சற்று நிறுத்திவிட்டு, "குழந்தை சந்தோஷமா இருப்பா," என்றும் சொன்னார்.

சமன் போட்ட குழந்தை எப்படிச் சந்தோஷமாக இருக்கும் என்று தாரிணிக்குத் தெரியும். அவளோடு வேலை பார்க்கிற உமா டீச்சரின் மகன் துருவுக்குப் போன வருஷம் போட்டார்கள். அதற்கு முன்னால் அவன் ஆசிரியர் அறைக்கு வந்தால் ஒருவர் நிம்மதியாக டீ குடிக்க முடியாது. மின்விசிறியைக் கழற்றிக் காட்டு என்பான், எறும்புக்கு இருட்டில் கண் தெரியுமா என்பான். இப்போது வந்தால் நாற்காலியில் உட்காருகிறான், கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிடுகிறான், நன்றி சொல்கிறான். உமாவைக் கேட்டால் நல்லா இருக்கான், நல்லா தூங்கறான் என்பாள். சொல்லும்போது மட்டும் அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

திங்கட்கிழமை பட்டை பொருத்த வரச் சொன்னார்கள். திரும்பும்போது பஸ்ஸில் வெண்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, டிரைவருக்கு மேலே இருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். காந்திபுரம் தாண்டியதும் கேட்டாள்.

"ஏம்மா, கண்ணாடியில வலது இடதா மாறுதே, தலை மட்டும் ஏம்மா கீழ போகல?"

மற்ற நாளாக இருந்தால் தாரிணிக்குக் கால் தரையில் பாவியிருக்காது. அன்று அவள் யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தாள். மெதுவாப் பேசு கண்ணு என்று மட்டும் சொல்லி, மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

தாரிணியின் கணவன் கவின் வீட்டின் கீழேயே மளிகைக் கடை வைத்திருந்தான். கோயம்புத்தூரில் பாதிப் பேர் சாமானை வானத்தில் பறந்து வரும் பெட்டியில் வாங்கிக்கொண்டிருந்த காலத்திலும், மீதிப் பாதிப் பேர் கவினிடம் வந்து நாலு வார்த்தை பேசித்தான் வாங்கினார்கள். அவனுக்கு எதுவும் பெரிய விஷயம் இல்லை. பூஜ்யம் என்றதும் சிரித்தான்.

"நம்ம புள்ளைக்கா? அந்த மெசினுக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருக்குது. நீ சும்மா பயந்துக்காத அம்மிணி."

"பயப்படாம எப்படி மாமா இருக்கறது? திங்கக்கிழமை போடறாங்க."

அவன் சிரிப்பு அடங்கிவிட்டது. போடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டான். பள்ளிக்கூடம் கிடையாது, வீட்டுக்கே ஆள் அனுப்புவார்கள் என்று அவள் சொன்னாள்.

பயம் என்பது ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்காது, வேலை பார்க்கத் தொடங்கிவிடும். அடுத்த நாள் முழுவதும் தாரிணி மகளை வேவு பார்த்தாள். சாப்பாட்டில் வேண்டுமென்றே உப்புப் போடாமல் விட்டாள். வெண்பா பேசாமல் சாப்பிட்டு எழுந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டு குழந்தை முற்றத்தில் நொண்டி விளையாடியது. இதெல்லாம் எல்லாப் பிள்ளைகளும் செய்கிறதுதான் என்று வேறொரு சமயம் அவளே சொல்லியிருப்பாள். மாடிப்படி வளைவில் வெல்டிங் வேலைக்காகக் கைப்பிடிக் கம்பியைக் கழற்றியிருந்தார்கள். அங்கே, ஓரத்திலேயே நின்று, வெண்பா கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாரிணி அலறக்கூட முடியாமல் ஓடிப்போய் அவளை வாரித் தூக்கினாள். புளியங்கொட்டையும் பஞ்சும் ஒன்றாக விழுமா என்று பார்த்தேன் என்றது குழந்தை. தாரிணியின் காதில் டாக்டர் சொன்ன கைப்பிடிதான் ஒலித்தது.

இங்கே என்ன இல்லை, சொல்லு பார்ப்போம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் டாக்டர் சொன்னது உறுதியாகிவிடுமே என்று பயந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கடையில் கூட்டம். மகளைத் தனியாக விட மனமில்லாமல் தாரிணி அவளையும் அழைத்துக்கொண்டு வந்து பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டு கட்டிய ஒருவர் வந்து கல்லுப்பு ஒரு பாக்கெட் கேட்டார்.

"கல்லுப்பு நிறைஞ்சிருக்குதுங்க," என்றான் கவின். "காலைல வாங்க, வந்துருமுங்."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு வெறுங்கையோடு போனார்.

இந்தப் பேச்சை ஏழெட்டு வருஷமாகத் தாரிணி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். விளக்கு வைத்த நேரத்தில், அதுவும் கடையில், அதுவும் உப்பை, இல்லை என்று சொல்வார்களா? கவின் அரிசி, மஞ்சள், சோப்பு, ஷாம்பு எதையுமே வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொன்னது கிடையாது. அவனுக்கு எல்லாமே நிறைந்துதான் இருக்கும். கேட்டுக் கேட்டு அவள் காதில் விழுவதே நின்று போயிருந்தது. இன்றைக்கு விழுந்தது. உடம்பெல்லாம் ஒருமுறை சிலிர்த்துக்கொண்டது.

மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்பா ஏன் கண்ணு அவருக்கு உப்பு குடுக்கல?"

"நிறைஞ்சிருக்குல்ல, அதான்."

"நிறைஞ்சிருந்தா குடுக்க வேண்டியதுதானே?"

வெண்பா அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு காதுக்கு அருகில் வாயைக் கொண்டுவந்து சொன்னாள். "டப்பா காலிம்மா. அத வெளி ஆளுங்ககிட்ட வாயால சொல்லக்கூடாது. மனசு நோகுமாம். அப்பா சொல்லியிருக்காரு."

"அந்த ரூம்ல மெஷின் கேட்டுச்சே, எது இல்லைன்னு? அதுக்கு என்ன சொன்ன?"

"அந்த அக்காவா? பாவம், எல்லாமே ஒடைஞ்ச படமா வச்சிருந்தாங்க. நான் மரியாதையாத்தான் சொன்னேன்."

தாரிணி அங்கேயே, பருப்பு மூட்டைகளுக்கு நடுவில், மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தான் ஊட்டிய மரியாதைதான் பிள்ளையின் தலைக்குப் பட்டையைக் கொண்டுவந்திருக்கிறது என்று கேட்டதும் கவின் கையில் இருந்த தராசுத் தட்டை வைத்துவிட்டுக் கடையைச் சாத்தினான். அந்தக் கடை சனிக்கிழமை சாயங்காலம் சாத்தியிருந்ததை அதற்கு முன்னால் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை முதல் ஆளாகப் போய் நின்றார்கள். டாக்டர் ரோஸ்லின் முதலில் நம்பவில்லை. பதிவான குரலைப் போட்டுக் கேட்கவாவது செய்யுங்கள் என்று தாரிணி கிட்டத்தட்டக் காலில் விழுந்தாள். கேட்டார்கள்.

இந்தப் படத்தில் எது இல்லை, என்றது இயந்திரத்தின் இனிமையான குரல். பெடல் நிறைஞ்சிருக்குதுங்க, என்றது வெண்பாவின் குரல். கடிகாரத்தில் பெரிய முள் நிறைஞ்சிருந்தது. பூனைக்கு ஒரு பக்கத்து மீசை நிறைஞ்சிருந்தது. குடைக்குக் கம்பி நிறைஞ்சிருந்தது. கடைசிப் படம் பெரியவர்களுக்கே பிடிபடாதது. மரத்தடியில் மாடு, மாட்டுக்கு நிழல் உண்டு, மரத்துக்குக் கிடையாது. மரத்தோட நிழல் நிறைஞ்சிருக்குதுங்க அக்கா, நாளைக்கு வந்துருமுங், என்றது குழந்தை.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எல்லாமே சரி, ஒன்றுகூடத் தப்பில்லை என்றார். இவ்வளவு பெரிய இயந்திரத்துக்கு யாரும் மங்கல வழக்கைச் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று தலையில் தட்டிக்கொண்டார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார்.

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதுக்கு முன்னாடியும் பூஜ்யம் வந்திருக்கு," என்றார் மெதுவாக. "ரொம்ப இல்ல. கொஞ்சம் பேர். எல்லாம் இந்தச் சுத்து வட்டாரம். பேச்சை யாரும் கேட்டுப் பார்க்கல. மெஷின் கேட்டா போதும்னு விட்டுட்டோம்."

அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் பட்டை போட்டாயிற்று என்பதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. கழற்றினால் பழையபடி ஆகிவிடுமா என்று கவின் கேட்டான். டாக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று தலையசைத்தார்.

பிறகு வழியைச் சொன்னார். உண்மைக் காரணத்தை எழுதி மேலே அனுப்பலாம். விசாரணை வரும், பழைய கோப்பெல்லாம் திறப்பார்கள், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ இழுக்கும். அது முடியும்வரை சட்டம் சட்டம்தான், வெண்பாவுக்குப் பட்டை போட்டே ஆகவேண்டும். இன்னொரு வழியும் உண்டு. கருவி பழுது என்று ஒரே வரி எழுதினால் முதல் தேர்வே அழிந்துவிடும். வெள்ளிக்கிழமை புதிதாகத் தேர்வு வைத்துக்கொள்ளலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

உமாவின் கணவர் வீட்டார் ஒண்டிப்புதூரில் எண்ணெய்க் கடை வைத்திருந்தார்கள். துருவ் வளர்ந்ததே அந்தக் கடையில்தான். தாரிணிக்கு அது சட்டென்று நினைவுக்கு வந்தது. அந்தக் கொஞ்சம் பேரில் துருவும் உண்டா என்று கேட்க வாயைத் திறந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வெண்பா பொம்மை ரயிலின் தண்டவாளத்தை எட்டு வடிவத்தில் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"பழுதுன்னே எழுதிடுங்க மேடம்," என்றாள் தாரிணி. தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. ஆனால் திருப்பிச் சொல்லச் சொன்னால் அதையேதான் சொல்லியிருப்பாள்.

அந்த வாரம் பள்ளியில் உமா இருக்கும் பக்கமே அவள் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகளை உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். அந்த அக்கா வாடிக்கையாளர் கிடையாது, மனசு நோகாது, தாராளமாக இல்லை என்றே சொல்லலாம் என்று சொல்லிக் கொடுத்தாள். வெண்பாவுக்கு இது புரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவளுக்குப் புரியாதது வேறு.

"நீ எதுக்கும்மா பயப்படற?"

அப்போது ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். பயந்தவர்களுக்குப் பொய் சொல்ல வராது. தாரிணி உள்ளதைச் சொல்லிவிட்டாள். உனக்குள்ளே ஐந்து கோடு இருக்கிறது, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் இருந்தால் தலையில் பட்டை போட்டுவிடுவார்கள் என்றாள்.

"போட்டா துருவ் அண்ணா மாதிரி ஆயிடுவேனா?"

இந்தப் பெண் அதையும் பார்த்து வைத்திருக்கிறதே என்று தாரிணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம் என்றாள்.

வெண்பா தன் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். "கோடு எவ்வளவு ஒசரம் இருந்தா விட்டுடுவாங்க?"

"ஒசரம் முக்கியமில்ல கண்ணு. எல்லாம் ஒண்ணு போல இருக்கணும். எல்லாப் பிள்ளைங்க மாதிரியும் இருந்துட்டா நம்மள ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

குழந்தை சரி என்றது. சமர்த்து என்று தாரிணி அதன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை வெண்பா அறைக்குள் போய்க் கதவு மூடியதும் கவின் வெளியே மரத்தடிக்குப் போய்விட்டான். உள்ளே உட்கார அவனுக்குத் தைரியம் போதவில்லை. தாரிணி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்பா வழக்கம்போலத் துள்ளிக் குதித்துத்தான் வெளியே வந்தாள். டாக்டர் தாரிணியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

திரையில் ஐந்து கோடுகளும் இருந்தன. எல்லாம் ஒரே உயரம். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, ரூலர் வைத்துக் கிழித்ததுபோல நட்ட நடுவில் நின்றன. அடியில், சமன் தேவையில்லை என்று பச்சை எழுத்தில் வந்திருந்தது.

தாரிணி பச்சை எழுத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்புறம்தான் கோடுகளைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு பகுதியிலயும் சரிபாதி சரி, சரிபாதி தப்பு," என்றார் டாக்டர். அவர் குரல் மிகவும் இறங்கியிருந்தது. "சுமாரான பிள்ளைங்க இப்படிப் போட மாட்டாங்க. அவங்களுக்குக்கூட அங்க இங்க ஏறி இறங்கும். பட்டை போட்ட பிள்ளைங்களுக்கே இவ்வளவு நேரா வராது. இதைப் போடணும்னா எல்லாக் கேள்விக்கும் விடை தெரிஞ்சிருக்கணும் தாரிணி. எது தப்புன்னு தெரிஞ்சு, எண்ணி எண்ணித் தப்பாச் சொல்லியிருக்கா."

டாக்டர் திரையை அணைத்துவிட்டார்.

"நான் எதையும் பார்க்கல," என்றார் டாக்டர். "எட்டு வயசுல மறுபடி ஒரு தடவை பார்ப்பாங்க. அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும். வெளிய தெரியக்கூடாது. பள்ளிக்கூடத்துல தெரியக்கூடாது. புரியுதுங்களா?"

புரிந்தது. கவின் மரத்தடியில் மகளைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தான். அன்று கடையில் வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தான். தப்பித்துவிட்டோம் என்று அவன் சொன்னபோது தாரிணியும் ஆமாம் மாமா என்று சிரித்தாள். கோடுகளைப் பற்றி அவனிடம் அன்று சொல்லவில்லை. அவன் ஒரு நாளாவது நன்றாகத் தூங்கட்டும் என்று நினைத்தாள்.

பள்ளி திறந்தது. வெண்பா போனாள், வந்தாள். பஸ்ஸில் பாட்டுப் பாடினாள். வகுப்பு டீச்சர் தொந்தரவே இல்லாத பிள்ளை என்று எழுதி அனுப்பினார். வீட்டில் அவள் கேள்வி கேட்பது நின்று இரண்டு வாரம் ஆகியிருந்ததைத் தாரிணி தாமதமாகத்தான் கவனித்தாள். கவனித்த பிறகு, இது நடிப்புத்தான், உள்ளே அப்படியே இருக்கிறாள், எனக்கு மட்டும் காட்டுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கவின் கீழே கடையில் இருந்தான். வீட்டில் இருவரைத் தவிர யாரும் இல்லை. மருதமலைப் பக்கம் ஒரு மின்னல் வெட்டியது, வெகு நேரம் கழித்து இடி உருண்டது. போன வருஷம் இதே மழைக்கு, மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் ஒன்று, இரண்டு என்று எண்ணி, மழை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழியைக் கேட்டுத் தெரிந்துகொண்டவள் வெண்பா. இப்போது கதவோரம் உட்கார்ந்து பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

தாரிணி அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏன் கண்ணு, மின்னல் முதல்ல வருது, இடி மட்டும் ஏன் லேட்டா வருது?"

வெண்பா நிமிர்ந்தாள். பதில் அந்தக் கண்ணில் வந்து நின்றதைத் தாரிணி பார்த்தாள். சத்தியமாகப் பார்த்தாள். பிறகு அது உள்ளே போய்விட்டது. குழந்தை அம்மாவின் முகத்தை ஒருமுறை நன்றாக ஆராய்ந்தது.

"சாமிக்குக் கோவம் வந்து மெதுவா நடந்து வர்றாருல்ல, அதனால," என்றது.

தாரிணியின் முகத்தில் என்ன மாறியதோ, வெண்பா பொம்மையைக் கீழே வைத்துவிட்டுக் கலவரத்தோடு நெருங்கி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் தப்பாச் சொல்லணுமாம்மா?"

ஜன்னல் திறந்திருந்தது. எதிர் வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வயசுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. தாரிணி மகளை அணைத்துக்கொண்டு, வேண்டாம் கண்ணு, இது சரியா இருக்கு என்றாள்.